பெயரில் தங்கிய தமிழ்

பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் 1848-ல் அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. எங்கள் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் புறப்பட்டன. 'ஓரேலி' என்ற கப்பல் 1853 மே மாதம் மர்த்தினிக் தீவையும், 1854 டிசம்பரில் குவாதலூப்பையும் அடைந்தது.

ஒப்பந்தம் 5 ஆண்டு. ஆனால் பலர் ஊர் திரும்பவே இல்லை. போன இடத்தில் அவர்களுக்குத் தெரியாத மொழிகள் இரண்டு: தோட்டத்தில் கிரியோல், அலுவலகத்தில் பிரெஞ்சு. பிள்ளைகள் கிரியோல் பேசி வளர்ந்தார்கள். தமிழ் கோயில் வழிபாட்டோடு ஒதுங்கிவிட்டது.

பெயர் மட்டும் நின்றது. பதிவேடு எழுதிய குமாஸ்தாவுக்குத் தமிழ் தெரியாது. காதில் விழுந்ததைப் பிரெஞ்சு முறையில் எழுதினார். இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே ஒற்றை 'எஸ்' வந்தால் பிரெஞ்சில் 'இஸட்' ஒலிதான் வரும். அதனால் 'சாமி'க்கு இரண்டு 'எஸ்' போட்டார். வெறும் 'யு' எழுதினால் நம் உகரம் வராது. அதற்கு முன்னால் ஓர் 'ஓ' சேர்த்தார். பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் குவாதலூப்பின் உறுப்பினராக இருந்த எர்னஸ்ட் முத்துசாமியின் பெயரில் இரண்டையும் காணலாம். ஆங்கிலம் மட்டும் படித்தவர் அதை 'மௌட்டௌசாமி' என்று வாசிப்பார். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு அது முத்துசாமிதான்.

அங்கே பிறந்த இந்திய வம்சாவளியினருக்குக் குடியுரிமை கேட்டு 1904-ல் தொடங்கிய போராட்டம் 1923-ல்தான் முடிந்தது. அதை நடத்தியவர் பெயர் ஆன்ரி சிதம்பரம். வழக்காடியது பிரெஞ்சில், பெயர் தமிழில்.