கழிவுக் குன்றும் பசுமையும்: மேற்கு லோதியன் எண்ணெய்க் களிப்பாறைத் தொழிலின் எச்சம்

நிலக்கரியைக் குறைவெப்பத்தில் காய்ச்சிப் பாரஃபின் எண்ணெய் வடிக்கும் முறைக்கு 1850இல் ஜேம்ஸ் யங் பெற்ற காப்புரிமை, ஸ்காட்லாந்தின் மேற்கு லோதியனில் எண்ணெய்க் களிப்பாறைத் தொழிலுக்கு வித்திட்டது. எண்ணெய் எடுத்தபின் எஞ்சிய சிவந்த கல்துண்டுகள் ஆலைகளின் அருகிலேயே குன்றுகளாகக் கொட்டப்பட்டன. 'பிங்' என்பது அவற்றின் வட்டாரப் பெயர்.

1962இல் தொழில் நின்றபின் இவை அகற்றத்தக்க கேடாகவே பலராலும் கருதப்பட்டன. சில குன்றுகள் சாலை நிரவலுக்கு வெட்டப்பட்டன. சிலவற்றில் மண் பரப்பி விதையிடப்பட்டது. தீண்டப்படாதவற்றிலோ பாசியும் லைக்கனும் முதலில் படர, பின்னர்ப் புல்லும் பிர்ச் மரமும் தாமே தழைத்தன. இன்று ஆடிவெல் குன்று இயற்கைக் காப்பிடமாகவும், 'ஐந்து சகோதரிகள்' பாதுகாக்கப்பட்ட தொல்சின்னமாகவும் விளங்குகின்றன.

எனினும், கழிவைத் தன்போக்கில் விட்டுவிடலாம் என்னும் முடிவுக்கு இது சான்றாகாது. ஸ்காட்லாந்தின் பிற்கால உலைகளில் வெப்பமும் நீராவியும் கழிவிலிருந்த கரிமத்தின் பெரும்பகுதியை நீக்கின. எஸ்தோனியாவின் கோத்லா-யார்வேயில் குவிந்த அரைக்கரியிலோ கரிமப்பொருளும் பீனால்களும் எஞ்சின. அதிலிருந்து கசியும் நீர் கடுங்காரத் தன்மையுடையது. ஆகவே அங்குக் குன்றை மூடி நீர்க்கசிவைத் தடுத்தலே தாவர வளர்ப்புக்கு முந்திய பணியாயிற்று. கழிவு எவ்வாறு உருவானது என்னும் வரலாறே அதனை மீட்கும் வழியையும் வகுக்கிறது.