தனுஷ்கோடி லைன்: சைக்கிளில் ஒரு சரித்திரம்

மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று மலர்க் குழு நண்பர்கள் கேட்டபோது, ராஜா ராணி கதை வேண்டாம், காலால் மிதித்தே பார்த்துவிடக்கூடிய சரித்திரம் ஒன்றைச் சொல்லலாம் என்று தோன்றியது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ஒரு காலத்தில் ஓடிய மீட்டர் கேஜ் ரயில் பாதைதான் அது. 1914-ல் பிறந்து 1964-ல் கடலோடு போன பாதை. என்னோடு படித்த மூன்று நண்பர்களும் நானும் ஒரு ஜனவரி மாதத்தில் அதன் தடத்தைத் தேடி சைக்கிளில் போய் வந்தோம்.

ரயில் ரோட்டில் சைக்கிளா?

இன்றைய மாணவச் செல்வங்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால் வெளிநாடுகளில் கைவிட்ட ரயில் பாதைகளை சைக்கிள் பாதைகளாக மாற்றுவது அறுபது வருஷப் பழக்கம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எல்ராய் - ஸ்பார்ட்டா பாதையை 1960-களிலேயே இப்படி மாற்றினார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகருக்கும் பாத் நகருக்கும் இடையே மூடப்பட்ட ரயில் பாதையில் 1979 முதல் தொண்டர்களே மண்வெட்டியோடு இறங்கி, சுமார் 21 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை போட்டார்கள்.

காரணம் எளிமையானது. ரயில் செங்குத்தாக ஏறாது. அதனால் பள்ளத்தில் கரை கட்டி, மேட்டை வெட்டி, சாய்வே தெரியாமல்தான் பாதை போட்டிருப்பார்கள். தண்டவாளத்தையும் கட்டையையும் எடுத்துவிட்டு, கீழே கிடக்கும் ஜல்லியை நிரவிவிட்டால் போதும். கிழவரும் மிதிக்கலாம், குழந்தையும் மிதிக்கலாம். இந்தச் சரளைப் பாதைக்கென்றே அகலமான டயர் போட்ட "கிராவல் பைக்" இப்போது நம் ஊர்க் கடைகளிலும் வந்துவிட்டது.

பாம்பனிலிருந்து தனுஷ்கோடி 15 மைல், அதாவது 24 கிலோமீட்டர். பிரிஸ்டல் பாதையைவிடச் சற்று அதிகம். அதுவும் இரண்டு பக்கமும் கடல்! வடக்கே அமைதியான பாக் நீரிணை, தெற்கே கொந்தளிக்கும் மன்னார் வளைகுடா. உள்ளூர்க்காரர்கள் முதலாவதைப் பெண் கடல் என்பார்கள், இரண்டாவதை ஆண் கடல் என்பார்கள்.

ஒரே டிக்கெட்டில் கொழும்பு

1914-க்கு முன்னால் சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் தூத்துக்குடி வரை ரயிலில் போய், அங்கே கப்பல் ஏறினார்கள். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டதும் எல்லாம் மாறியது. 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 145 கண்கள், நடுவில் கப்பலுக்கு வழிவிட்டுத் திறக்கும் ஷெர்சர் தூக்குப் பாலம். தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் பெரிய சாதனை அது.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. தனுஷ்கோடிப் பாதை ராமேஸ்வரம் வழியாகப் போகவில்லை. பாம்பன்தான் ஜங்ஷன். அங்கிருந்து ஒரு கிளை ராமேஸ்வரத்துக்கு, இன்னொன்று நேராகத் தனுஷ்கோடிக்கு. கோயிலைவிடக் கப்பலுக்குத்தான் கம்பெனி முதலிடம் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்தால் போதும். போட் மெயிலில் தனுஷ்கோடி வந்து இறங்கி, இர்வின், கோஷன் போன்ற கப்பல்களில் ஏறித் தலைமன்னார் போய், அங்கே காத்திருக்கும் ரயிலில் கொழும்பு சேரலாம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காமல் போனபோது, பேப்பர் கட்டுகளை ராமேஸ்வரம் ரோடு என்ற இடத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசுவார்கள். அந்தக் கட்டுகளை எடுத்து விநியோகிக்க உதவியதுதான் தம் முதல் சம்பாத்தியம் என்று அப்துல் கலாம் தம் சுயசரிதையில் சொல்லியிருக்கிறார். அந்த ரயில் ஓடியதும் இதே தனுஷ்கோடி லைனில்தான்.

யார் போனார்கள்?

தனுஷ்கோடி என்றதும் துரைமார்களும் வியாபாரிகளும் போன போட் மெயில்தான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இந்தப் பாதையில் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் புறப்பட்ட நம் ஜனங்கள். திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம், மதுரை, சேலம் என்று பல ஜில்லாக்களிலிருந்தும் கங்காணி பின்னால் வந்தார்கள். மண்டபம் முகாமில் அவர்களைத் தங்கவைத்து, நோய் நொடி இருக்கிறதா என்று பார்த்து, அம்மைப் பால் குத்தி, அதன்பிறகுதான் கப்பலுக்கு அனுப்பினார்கள். மண்டபம் கேம்ப் என்ற பெயர் இன்றைக்கும் அந்த ரயில் நிலையத்தில் இருக்கிறது.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று முடிவாயிற்று. தாத்தா போன வழியில் பேரன் திரும்பி வர வேண்டிய நேரம். அப்போதுதான் அந்த வழியே இல்லாமல் போனது. ஒப்பந்தத்துக்கும் புயலுக்கும் நடுவே இருந்தது இரண்டு மாதம்கூட இல்லை.

டிசம்பர் 22

1964 டிசம்பர் 22 நள்ளிரவுக்குச் சற்று முன், 11.55 மணிக்கு, 653-ஆம் எண் பாசஞ்சர் பாம்பனை விட்டுப் புறப்பட்டது. தனுஷ்கோடியை நெருங்கும்போது ராட்சத அலை அதை அப்படியே விழுங்கியது. 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள் என்று கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் கூடும் என்பார்கள். ஊரும், ஸ்டேஷனும், துறைமுகமும் அந்த இரவோடு போயின.

பாம்பன் பாலத்தின் 145 கண்களில் 126 கண்களின் இரும்பு உத்தரங்கள் கடலில் விழுந்தன. அவற்றில் பலவற்றை மீனவர்கள் கடலடியில் தேடிக் கண்டுபிடித்துக் கொடுக்க, ஸ்ரீதரன் என்ற இளம் எஞ்சினியர் 46 நாளில் பாலத்தைச் சரி செய்தார். பிற்காலத்தில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் இவரே. பாலம் பிழைத்தது. தனுஷ்கோடிப் பாதை மட்டும் திரும்பப் போடப்படவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. தாயகம் திரும்பியவர்கள் தலைமன்னாரிலிருந்து ராமேஸ்வரத்துக்குக் கப்பலில் வந்து இறங்கினார்கள். 1980-களில் இலங்கை நிலவரத்தால் அந்தக் கப்பலும் நின்றது.

இன்று மிதித்தால் என்ன தெரியும்?

தீவுக்குள் போக 1988-ல் திறந்த சாலைப் பாலம் இருக்கிறது. பாம்பன் பக்கம் மண் பாதையிலும் சரளையிலும் கொஞ்ச தூரம் மிதித்தோம். பனை மரங்களுக்கும் வீடுகளுக்கும் இடையே பழைய தடத்தைப் பிடிப்பது கஷ்டம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-ல் திறந்த தார்ச்சாலை போகிறது. அதற்கு முன்னால் ஈர மணலில் ஜீப்பும் வேனும்தான்.

எங்களுக்கு வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். எதிர்காற்றில் அதுவும் இல்லை. காரில் வருகிறவர்கள் இருபது நிமிஷத்தில் முனைக்குப் போய், போட்டோ எடுத்துத் திரும்புகிறார்கள். சைக்கிளில் போகிறவனுக்கோ அந்த நிலம் எவ்வளவு ஒல்லி என்பது உடம்பில் உறைக்கிறது. ஒரு கடலின் சத்தம் தேயும் முன் மறு கடலின் சத்தம் கேட்கும். இருட்டில், புயலில், இந்த மண் நாக்கின் மேல் ஒரு நீராவி எஞ்சின் பெட்டிகளை இழுத்துக்கொண்டு வந்தது என்று நினைத்தபோது நாலு பேரும் பேச்சில்லாமல் நின்றோம்.

பழைய ஊரில் பவளக்கல்லால் கட்டிய மாதா கோயில் சுவர், ஸ்டேஷனின் மிச்சம், எஞ்சினுக்கு நீர் ஊற்றிய ரயில்வே தண்ணீர்த் தொட்டி எல்லாம் நிற்கின்றன. அந்தக் கட்டடங்களுக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டு மீனவர்கள் வாழ்கிறார்கள். தண்ணீர் கேட்டோம். ஒரு பெரியவர் மணலில் இருந்த சிறு ஊற்றைக் காட்டினார். "நாலடி தோண்டினா நல்ல தண்ணி தம்பி, கடலு பக்கத்துலதான் இருக்கு, ஆனா உப்பு வராது," என்றார். பிறகு அவரே, "வர்றவுக எல்லாரும் பேய் ஊரு எங்க இருக்குன்னு கேக்குறாக. நாங்க இங்கதான இருக்கோம்? எங்களப் பாத்தா பேய் மாதிரியா தெரியுது?" என்று சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு வேண்டுகோள்

ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மறுபடி ரயில் விட 2019-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. புதிய பாம்பன் பாலமும் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டுவிட்டது. ரயில் வருவதும் வராததும் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பாம்பன் ஜங்ஷனிலிருந்து கிளம்பிய அந்தப் பழைய தடம் வருஷா வருஷம் மணலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. புயலன்று பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள்.

நம் கல்லூரி வரலாற்றுத் துறை மாணவர்கள் ஒரு பழைய வரைபடத்தோடு போய், தடத்தை இடம் இடமாகக் குறித்து, அந்தப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்தால் அதைவிட நல்ல ப்ராஜெக்ட் இருக்க முடியாது. தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பங்கள் நீலகிரியிலும் இன்னும் பல ஊர்களிலும் இருக்கின்றன. அவர்களிடமும் கேளுங்கள். சங்கம் செலவுக்குக் கை கொடுக்கும் என்று நம்புகிறேன்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். அகல டயர் போடுங்கள், மணலில் காற்றைக் கொஞ்சம் குறையுங்கள். திரும்பி வந்ததும் செயினை நல்ல தண்ணீரில் கழுவி எண்ணெய் விடுங்கள், இல்லாவிட்டால் உப்புக் காற்று இரண்டே நாளில் துருப்பிடிக்க வைத்துவிடும். பொழுது சாயும் முன் முனையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அங்கே யாரையும் பேய் ஊர் எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள். ஸ்டேஷன் எங்கே இருந்தது என்று கேளுங்கள். கூடவே வந்து காட்டுவார்கள்.