சார்னோக்கைட்டு: ஒரு கற்பெயரின் வரலாறு

ஏர்க்காட்டைத் தாங்கி நிற்கும் சேர்வராயன் மலையின் பாறையை ஊரார் கருங்கல் என்பர்; நிலநூலார் சார்னோக்கைட்டு என்பர். தமிழகத்து மலைக்கல்லுக்கு இவ்வாங்கிலப் பெயர் வாய்த்த வரலாற்றையும், தமிழ் அதனை ஏற்கும் முறையையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் பொருளை நோக்குவோம். குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் ஆகியவற்றோடு ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமமும் அமைந்த கருநிற வன்பாறையே சார்னோக்கைட்டு. நிலத்தின் ஆழத்தே, நீர் குன்றிய நிலையில், மிகு வெப்பத்தில் உருவாவது அது. சேர்வராயன் மலைப்பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுத் தொன்மை உடையது.

சொல்லோ அண்மைக் காலத்தது. கல்கத்தாவில் தூய யோவான் தேவாலய வளாகத்தில், கிழக்கிந்தியக் கும்பெனியின் அலுவலரான ஜாப் சார்னாக்கின் கல்லறை உள்ளது. அவர் 1693-இல் மறைந்தார். அக்கல்லறையின் கரும்பலகையை ஆராய்ந்த தாமஸ் ஹென்றி ஹாலண்டு, அது சென்னையை அடுத்த பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிக் கல்லை ஒத்திருக்கக் கண்டார். அக்கல்லைத் தலைநகருக்கு வரச் செய்தவர், தாம் அறியாமலேயே, சார்னாக் என்று கருதி, 1893-இல் அவர் பெயரோடு 'ஐட்' என்னும் ஈற்றைச் சேர்த்து இச்சொல்லை ஆக்கினார். கிரேக்க வழிவந்த அவ்வீறு 'அதனைச் சார்ந்தது' எனப் பொருள்படும்.

இனி வழக்கை நோக்குவோம். முன்னர் இவ்வகைப் பாறையை நீலகிரி நைஸ் என்றும் வழங்கினர். 1900-இல் ஹாலண்டு விரிவான நூல் ஒன்றை வெளியிட்டு, தென்னிந்திய மலைகளின் ஹைப்பர்ஸ்தீன் பாறைகளைச் சார்னோக்கைட்டு வரிசை எனத் தொகுத்தபின், மலைப்பெயர் தாங்கிய சொல் பின்தங்கிற்று. இலங்கை, நார்வே, அண்டார்க்டிகா ஆகிய இடங்களின் பாறைகளுக்கும் இன்று இப்பெயரே வழங்குகிறது. ஹைப்பர்ஸ்தீன் கொண்ட கிரானைட்டு என்பது இதன் குறுகிய பொருள்; அதனோடு உறவுடைய பாறைத் தொகுதி முழுவதும் என்பது விரிந்த பொருள்.

உலகளாவிய பொருளை ஊர்ப்பெயர் தாங்காது என்பார்க்குச் சேர்வராயன் மலையிலேயே விடை உண்டு. அங்குச் சார்னோக்கைட்டு சிதைந்து உருவான கனிமத்தைப் பாக்சைட்டு என்கிறோம். அச்சொல் பிரான்சு நாட்டு லே போ என்னும் சிற்றூரின் பெயரடியாகப் பிறந்தது. கீழிருக்கும் பாறை ஆளின் பெயரையும், மேலிருக்கும் கனிமம் ஊரின் பெயரையும் பெற்றன. ஆகவே, பல்லாவரத்தின் பெயரும் உலகச் சொல்லாகியிருத்தல் கூடும்.

தமிழில் என்செய்வது? கருங்கல் எனப் பெயர்த்தால், கிரானைட்டு, டோலரைட்டு முதலிய பிறவும் அதனுள் அடங்கும்; ஹைப்பர்ஸ்தீன் என்னும் சிறப்பியல்பு மறையும். பல்லாவரக்கல் எனப் புதிதாக ஆக்கினால், உலக வழக்கோடு தொடர்பு அறும். எனவே சார்னோக்கைட்டு எனக் கொள்வதே தக்கது என்பது நம் கருத்து.

ஆயினும், சொல்லைக் கொள்வது அதன் வரலாற்றை மறப்பதாகாது. கல்கத்தாவை நிறுவியவர் என்னும் சிறப்புக் கருதியே ஹாலண்டு சார்னாக்கின் பெயரைத் தேர்ந்தார். 2003-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம், அவரை அந்நகரை நிறுவியவராகக் கொள்ளலாகாது எனத் தீர்ப்பளித்தது. பட்டம் நீங்கிற்று, கற்பெயர் நிலைத்தது. கல்லை வெட்டியெடுத்தோர் பெயரோ எங்கும் இல்லை. ஆதலின், கலைச்சொல் அகராதி இச்சொல்லுக்குப் பொருள் கூறுவதோடு அமையாது, கல் பிறந்த பல்லாவரத்தையும் குறித்தல் வேண்டும்.