வெல்லத்துக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் நடுவே

பாப்பிரெட்டிப்பட்டி அருகே கோபாலபுரத்தில் இருக்கும் சுப்பிரமணிய சிவா கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குப் போகிற கரும்பும், பக்கத்து வெல்லக் கொட்டகைக்குப் போகிற கரும்பும் ஒரே மண்ணில் விளைந்தவை. ஒன்று வெள்ளையாகவும் மற்றொன்று பழுப்பாகவும் வெளிவருவதை இயந்திரத்தின் வெற்றியாகவே நம் தொழில் வரலாறு சொல்லிவருகிறது. நெல்லிக்குப்பத்தில் 1842இல் பாரி நிறுவனம் தொடங்கிய ஆலையும், 1932இன் சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் நாடெங்கும் பெருகிய ஆலைகளும் அந்தக் கதையில்தான் வருகின்றன. என் பார்வையில் அந்த வெண்மைக்குப் பெரிய காரணம் வேறு: அலோகம் எரிந்தால் கிடைக்கும் ஆக்சைடு நீரில் கரைந்து அமிலமாகும் என்ற வேதியியல் உண்மை. வெல்லம் காய்ச்சுகிறவரிடம் நெடுங்காலமாகக் காரம் இருந்தது, அதுதான் சுண்ணாம்பு. கரும்புச்சாறு இயல்பிலேயே புளிப்புடையது, அதன் பி.எச். அளவு ஐந்தைச் சற்றே தாண்டும். அப்படியே கொதிக்கவிட்டால் சர்க்கரை குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடையும், பாகு கட்டியாகாது. சுண்ணாம்பு அந்தப் புளிப்பை முறித்து அழுக்கைத் திரட்டும். ஆனால் அளவு மிஞ்சினால் பாகு கறுத்துவிடும். மிஞ்சிய காரத்தை அடக்க அவரிடம் எதுவும் இல்லாததால் கைப்பக்குவத்தையே நம்பினார்.

ஆலையில் அந்தக் குறை இல்லை. கந்தகத்தை உலையில் எரித்து, அதில் எழும் சல்பர் டை ஆக்சைடைச் சூடான சாற்றில் செலுத்துகிறார்கள். அது அமிலமாகிச் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சல்பைட் வீழ்படிவாகிறது. அழுக்கையும் நிறப்பொருளையும் இழுத்துக்கொண்டு அடியில் படிகிறது. உழவர்கள் எருவாக வாங்கிப்போகும் பிரஸ்மட் என்ற ஆலைச் சேற்றில் இதுவும் கலந்தே வருகிறது. தைரியமாகச் சுண்ணாம்பைக் கூட்டலாம், அமில வாயுவால் பி.எச். அளவை ஏழுக்குக் கொண்டுவரலாம். இந்தியாவின் பெரும்பாலான ஆலைகள் இந்த முறையைத்தான் பின்பற்றுகின்றன.

மொலாசஸைப் பிரிக்கும் சுழல் இயந்திரம்தானே வெண்மை தருகிறது என்று கேட்கலாம். அது படிகத்தின் மேல் ஒட்டிய பாகைத்தான் கழற்றும். படிகத்துக்குள் சிக்கிய நிறத்தைத் தொடாது. கந்தகப் புகை வெறும் வெளுப்பான்தான் என்பது இதைவிட வலுவான மறுப்பு. வெளுப்பது உண்மைதான், பிறகு கெட்டிப்பாகில் இரண்டாம் முறை செலுத்துவது முக்கியமாக அதற்காகவே. ஆனால் சாற்றைத் தெளியவைக்கும் முதல் கட்டத்தில் அமிலமே தலைமை வேலை செய்கிறது. இதற்கு உறுதியான சான்று கார்பனேற்ற முறை: கார்பன் டை ஆக்சைடு நிறத்தை வெளுக்காது, ஆனாலும் சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து, இன்னும் தெளிந்த சாற்றையே தருகிறது. நம் ஆலைகள் அதைப் பெரிதும் எடுத்துக்கொள்ளாததற்குக் காரணம் செலவு. சுண்ணாம்பு பல மடங்கு வேண்டும், அதைச் சுடக் காளவாயும் வேண்டும்.