விக்ரமும் எங்கள் பெரியப்பாவும்

2022 ஜூன் மாதம் 'விக்ரம்' வந்தபோது மகன் என்னைப் பாண்டிக்குக் கூட்டிப் போனான். இடைவேளையில் "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டான். "சத்தம் ஜாஸ்தி" என்றேன். சுத்துக்கேணிக்குத் திரும்பி வந்து படுத்தால் தூக்கம் வரவில்லை. அதற்குக் காரணம் சத்தம் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு உளவாளி என்றால் முதலில் ஜெய்சங்கர்தான். 1966-ல் 'வல்லவன் ஒருவன்', 1970-ல் 'சிஐடி சங்கர்', இரண்டுமே சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் படங்கள். தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்று அவருக்குப் பட்டமே கொடுத்துவிட்டார்கள். கன்னடத்தில் ராஜ்குமார் சிஐடி 999 ஆக வந்தார், தெலுங்கில் கிருஷ்ணா 116 ஆக வந்தார். நாங்கள் திருக்கனூர் பக்கம் கீற்றுக் கொட்டகையில் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தோம். கோட்டு கசங்காது, தலை கலையாது. அடி வாங்கினாலும் அடுத்த காட்சியில் பாட்டு வந்துவிடும்.

இதற்கெல்லாம் மூலவர் லண்டனில் இருந்தார். முதல் பாண்ட் படமான 'டாக்டர் நோ' 1962 அக்டோபரில் வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் தேதிதான் எங்கள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, ஆனாலும் எனக்கு அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது. 1983-ல் ரோஜர் மூர் உதயப்பூருக்கே வந்து 'ஆக்டோபஸி'யில் ஆட்டோவில் பறந்தார். கூட நம்ம விஜய் அமிர்தராஜ். சிரித்துச் சிரித்துப் பார்த்த படம். 1989-ல் டிமோத்தி டால்டனை வைத்துக் கொஞ்சம் ரத்தமும் கோபமுமாக ஒரு படம் எடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த வரவேற்பு இல்லை. அதோடு வழக்கு வியாஜ்யம் வேறு சேர்ந்துகொண்டதால் அடுத்த படத்துக்கு ஆறு வருஷம் ஆயிற்று. 2002-ல் இருபதாவது படம் வந்தபோது பாண்டின் கார் கண்ணுக்கே தெரியாமல் மறைந்துபோகும் அளவுக்கு முற்றிவிட்டது. அதே வருஷம் 'பார்ன் ஐடென்டிட்டி' வந்தது. நியூயார்க் கோபுரங்கள் விழுந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரம். மறையும் காரை யார் நம்புவார்கள்?

2006-ல் 'கசினோ ராயல்' எடுத்தார்கள். 1953-ல் இயன் ஃப்ளெமிங் எழுதிய முதல் நாவல் அதுதான். டேனியல் கிரெய்க் புதுப் பாண்ட். ஒரு கழிவறையில் கறுப்பு வெள்ளையில் அவன் செய்யும் முதல் கொலை அசிங்கமாக, மூச்சு வாங்க, நேரம் பிடித்து நடக்கிறது. காதலிக்கிறான், வேலையை விட நினைக்கிறான், அவளே காட்டிக்கொடுத்தவள் என்று தெரிகிறது. வேடிக்கை என்னவென்றால், 1995-ல் பழைய பாணியில் 'கோல்டன் ஐ' எடுத்த அதே மார்ட்டின் கேம்பல்தான் இதற்கும் இயக்குநர்.

நம் கதைக்கு வருகிறேன். 1986-ல் கமல் தயாரித்து நடித்த முதல் 'விக்ரம்' வந்தது. எழுத்து சுஜாதா, இயக்கம் ராஜசேகர். குமுதத்தில் தொடராகவும் வந்தது. வாரா வாரம் காத்திருந்து படித்தவன் நான். அக்னிபுத்திரன் என்று ஓர் ஏவுகணை, சலாமியா என்று ஒரு கற்பனை ராஜ்யம், கம்ப்யூட்டர், டிம்பிள் கபாடியா. படம் எதிர்பார்த்த அளவு போகவில்லை. ஒன்று மட்டும் மனதில் நின்றது: விக்ரமுக்கு வைத்த குறியில் கர்ப்பிணி மனைவி சாவது. ஆனால் படம் அந்த துக்கத்தில் தங்கவில்லை, உடனே சாகசத்துக்கு ஓடிவிட்டது.

36 வருஷம் கழித்து லோகேஷ் கனகராஜ் அதே விக்ரமை எடுத்து வயசாக்கிவிட்டார். நரைத்த தாடி, செத்துப்போன மகன், சின்னச் சத்தத்தையும் தாங்க முடியாத பேரன். ஃபகத் பாசில் ஊரெல்லாம் போய் "இந்தக் கர்ணன் எப்படிப்பட்ட ஆள்?" என்று விசாரிக்கிறார். ஒருத்தர் குடிகாரன் என்கிறார், இன்னொருத்தர் பெண்பித்தன் என்கிறார், வேறொருத்தர் பேரன்மேல் உயிரையே வைத்திருப்பவர் என்கிறார். பீரங்கியை எல்லாம் நான் நம்பவில்லை. அதுவும் ஒரு மறையும் கார்தான். ஆனால் அந்த விசாரணை என்னைப் பிடித்துக்கொண்டது.

உண்மையான உளவு எப்படி நடக்கும் என்பதற்கு எங்கள் ஊர்க்கதையே இருக்கிறது. பாரதியும் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்திருந்த காலத்தில் பிரிட்டிஷ் போலீஸ் இங்கே ஒற்றர்களை நிறைத்து வைத்திருந்தது. 1912 வாக்கில் ஐயர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் இறைத்தபோது ஒரு ஜாடி மேலே வந்தது. உள்ளே சதிக் கடிதங்கள், காளி படம். மாட்டிவிடுவதற்காகப் போட்டது! அவர்கள் முந்திக்கொண்டு பிரெஞ்சு போலீசிடம் ஒப்படைத்துவிட்டார்கள். பிறகு அரவிந்தர் வீட்டைச் சோதனை போட வந்த பிரெஞ்சு மாஜிஸ்திரேட், அங்கே கிரேக்க, லத்தீன் புத்தகங்களைப் பார்த்து மரியாதையோடு திரும்பிப் போனார். துப்பாக்கியும் இல்லை, காரும் இல்லை. கிணறு, கயிறு, ஒரு ஜாடி.

இனி பெரியப்பா. 1954 வரை எங்கள் பக்கத்தில் இந்த வயல் பிரெஞ்சுக்காரனுடையது, அடுத்த வயல் இந்தியாவுடையது. நடுவில் சுங்கச்சாவடி, பெர்மிட், கெடுபிடி. சேர வேண்டும் என்பவர்களும் வேண்டாம் என்பவர்களும் ஒரே தெருவில் இருந்தார்கள். அந்த வருஷம் அக்டோபர் 18 கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி கொடி மாறியது. பெரியப்பாவுக்கு மட்டும் ஒரு பேர் ஒட்டிக்கொண்டது: 'ஆள்காட்டி'. ராத்திரியில் எல்லை தாண்டிப் போய்வந்தார், யாருக்கோ சேதி சொன்னார் என்று. நான் பிறந்தது அதற்கு அடுத்த வருஷம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவர் வீட்டுத் திண்ணையில் வேற்றாள் உட்கார்ந்து பார்த்ததில்லை. அவர் பெண்ணுக்கு உள்ளூரில் மாப்பிள்ளை அமையவில்லை, தூரத்தில் கொடுத்தார்கள். ஒருமுறை என்னை ஜெய்சங்கர் படத்துக்குக் கூட்டிப் போனார். முன்வரிசையில் யாரோ திரும்பிப் பார்த்து, "சிஐடி வந்துட்டாருய்யா" என்றான். கொட்டகை சிரித்தது. பெரியப்பா பீடியை மணலில் குத்தி அணைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். படம் முடிந்து வந்து பார்த்தால் மாட்டுவண்டிகள் பக்கத்தில் நின்றிருந்தார். "நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் 1989-ல் போய்ச் சேர்ந்தார். கருமாதி முடிந்து நானும் ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேரிடம் விசாரித்தேன். ஒருவர், சேரணும் என்றவர்களுக்குக் கடிதம் கொண்டுபோனவர் அவர்தான் என்றார். இன்னொருவர், பிரெஞ்சு போலீசுக்குப் பேர் கொடுத்தவர் என்றார். மூன்றாமவர் சிரித்தார். "ஒண்ணுமில்ல தம்பி, சாராயமும் வாட்சும் கடத்துனான், அவ்ளோதான்."

பெரியம்மாவிடமும் கேட்டேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க போனாருன்னு எனக்குத் தெரியும். சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. நீ சாப்ட்டியா?"