வெள்ளி ஆபரணங்களில் எனாமல் பெயர்ப்புச் சித்திரம்

தாளில் உலோக ஆக்சைடு வர்ணங்களால் அச்சிட்ட உருவத்தை எனாமல் பரப்பின்மீது பெயர்த்து, உலையிலிட்டு அதனோடு ஐக்கியமாகச் செய்யும் அலங்கார முறை. பொடித்த கண்ணாடியை உலோகத்தின்மேல் உருக்கிப் படியவைத்த பூச்சே எனாமல் எனப்படும்.

வரலாறு: வெள்ளியில் எனாமல் இடும் கலை இம்முறைக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. சீயனா நகரத்துப் பொற்கொல்லரான குச்சியோ டி மன்னாயா 1290ஆம் ஆண்டையொட்டிப் போப் நான்காம் நிக்கோலஸுக்காகச் செய்ததும், இன்றும் அசிசியில் பாதுகாக்கப்படுவதுமாகிய பொன்முலாம் பூசிய வெள்ளிக் கிண்ணம் இதற்குச் சிறந்த உதாரணம். ஆயினும் ஒவ்வொரு சித்திரத்தையும் தனித்தனியே கையால் தீட்டவேண்டியிருந்தமையால் இக்கலை செல்வந்தர்க்கே உரியதாக இருந்துவந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த செதுக்குச் சித்திரக்காரர் ஜான் புரூக்ஸ், செப்புத் தகட்டில் செதுக்கிய உருவத்தைத் தாளின் வழியாக எனாமலுக்கு மாற்றும் உபாயத்திற்கு 1751இல் பர்மிங்காமில் இருந்தவாறு காப்புரிமை கோரினார், அது கிட்டவில்லை. 1753இல் ஸ்டீபன் தியோடர் ஜான்சென் முதலியோருடன் சேர்ந்து லண்டனையடுத்த பாட்டர்சியில் அவர் நிறுவிய தொழிற்சாலை, ரவனே போன்ற நிபுணர் செதுக்கிய சித்திரங்களால் புகழ்பெற்றும், 1756இல் கடன்பட்டு முறிந்தது. அங்கு உலோகமாகப் பயன்பட்டது செம்பே. அவ்வாண்டிலேயே லிவர்ப்பூலில் சாட்லர், கிரீன் என்னும் இருவர், ஆறு மணி நேரத்தில் 1,200க்கு மேற்பட்ட ஓடுகளில் சித்திரம் அச்சிட்டதாகப் பிரமாணம் செய்தனர். பின்னர்க் கல்லச்சும், அதன்பின் பட்டுத்திரை அச்சும் பல வர்ணங்களை ஒரே தாளில் சேர்க்க வழிசெய்தன.

செய்முறை: தூய வெள்ளி 961 பாகை சென்டிகிரேடில் உருகும், செம்பு கலந்த ஸ்டெர்லிங் வெள்ளியோ 800 பாகையளவிலேயே இளகத் தொடங்கும், எனாமலை உருக்கும் உஷ்ணமும் ஏறத்தாழ அதுவேயாதலால் உலையில் மிகுந்த ஜாக்கிரதை அவசியம். சிவப்பு முதலிய வர்ணங்கள் வெள்ளியோடு நேரே கலந்தால் நிறம் கெடுமாதலின், முதலில் நிறமற்ற எனாமலைப் பூசிச் சுடுவர். தகடு வளையாதிருக்கப் பின்புறமும் பூசுவதுண்டு. பின்னர், சித்திரம் அச்சிட்ட பசைத்தாளை நீரில் நனைத்தால் சித்திரம் மெல்லிய ஏடாக நழுவும். அதனைப் பரப்பில் அமர்த்தி, அடியிலுள்ள நீரையும் காற்றையும் ஒற்றி நீக்கி, முற்றும் உலரவிட்டுச் சுட்டால் ஏடு எரிந்தகல, வர்ணம் கண்ணாடியில் பதிந்து நிலைக்கும். ஈரம் எஞ்சினால் கொப்புளம் எழும்.

சித்திரத்தை அச்சு எத்தனை முறை பெருக்கித் தந்தாலும், அதைத் தாங்கும் வெள்ளியைப் பக்குவம் செய்வதும் உலையின் பதம் அறிவதும் கைவினைஞனின் திறமையையே சார்ந்தவை.