மிதிவண்டியும் செம்மண் பாதையும்

மனிதன் கண்ட ஊர்திகளுள் மிதிவண்டி தனித்தன்மை வாய்ந்தது. மாட்டு வண்டி நின்றாலும் சாயாது. மோட்டார் வண்டி நின்றாலும் சாயாது. மிதிவண்டியோ ஓடும்போதுதான் நிமிர்ந்து நிற்கும், அஞ்சி வேகத்தைக் குறைத்தால் தள்ளாடும், நிறுத்தினால் விழும். ஆகவே, அதனைக் கற்கும் குழந்தை வண்டியோட்டுவதை மட்டும் கற்பதில்லை. துணிவையும் சேர்த்தே கற்கிறது. அத்துணிவை நம் மலேசியத் தமிழ்க் குழந்தைகள் எங்கே கற்றனர்? கற்ற களம் என்னவாயிற்று? இனி எங்கே கற்பர்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மிதியில்லா வண்டி

1817ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், செருமனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பார் மரத்தாலான இரு சக்கர வண்டியொன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகட்டை இல்லை. ஓட்டுபவர் இருக்கையில் அமர்ந்து, இரு கால்களாலும் தரையை உந்தி உந்திச் செல்ல வேண்டும். இன்று இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளுக்கென விற்கப்படும் மிதியில்லா வண்டியும் அதே அமைப்புடையது. முதலில் சமநிலை, பிறகு மிதித்தல் என்னும் கற்பித்தல் ஒழுங்கு அதில் அடங்கியிருக்கிறது. வண்டி இடப்புறம் சாய்ந்தால் கைப்பிடியையும் இடப்புறமே சற்றுத் திருப்ப வேண்டும். அப்பொழுதுதான் சக்கரம் சாயும் உடலின் கீழே வந்து தாங்கும். விழும் பக்கமே திரும்பு என்னும் இவ்விதி அறிவுக்கு முரணாகத் தோன்றும். இதனை எந்த ஆசிரியராலும் கரும்பலகையில் எழுதிக் கற்பிக்க இயலாது. உடல்தான் தானே கண்டறிய வேண்டும். அதற்குச் சில விழுதல்கள் தேவை. விழுந்தால் தாங்கும் மண்ணும் தேவை.

ஒரு சிறுவனின் வண்டியும் நம் வரலாறும்

1885ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ வண்டியே இன்றைய மிதிவண்டியின் முன்மாதிரி. எனினும், அக்கால வண்டிகளின் கெட்டிச் சக்கரங்கள் கல்பாவிய தெருக்களில் உடலைக் குலுக்கி எடுத்தன. பெல்பாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் முச்சக்கர வண்டி குலுங்காமல் ஓடக் காற்றடைத்த இரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் பொருத்தினார். 1888ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமையும் பெற்றார். மறு ஆண்டே அவ்வகைச் சக்கரங்கள் பந்தயங்களில் வெற்றி பெற்றன. மிதிவண்டி உலகெங்கும் பெருகியது. இரப்பரின் தேவையும் பெருகியது. பின்னர் வந்த மோட்டார் வண்டி அத்தேவையைப் பன்மடங்காக்கியது.

பிரேசில் நாட்டு இரப்பர் விதைகளை 1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் இலண்டனின் கியூ தோட்டத்திற்குக் கொணர்ந்தார். மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. 1896ஆம் ஆண்டு மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் என்னும் சீனப் பெருமகனார் இரப்பரை வணிக நோக்கில் பயிரிட்டார்; அடுத்து லேடாங் மலையின் மேற்கு அடிவாரமான ஆசஹானிலும் பயிரிட்டார். அம்மலைக்கு அருகில் இருப்பதே நம் தங்காக். இந்நாடெங்கும் காடழித்துப் பால்மரம் நட்டவர்களுள் பலர் கங்காணிகளால் அழைத்து வரப்பட்ட நம் முன்னோர். ஒரு தந்தை தம் மைந்தனின் வண்டி குலுங்கக் கூடாதென எண்ணியதற்கும், நம் பாட்டனார் கப்பலேறியதற்கும் இடையே இப்படியொரு தொடர்பு இருத்தல் வியப்பன்றோ!

தோட்டமே பயிற்சிக் களம்

தோட்டத்திற்கு வந்த மிதிவண்டி பிள்ளைகளுக்காக வந்ததன்று. பால் வாளியைச் சுமக்கவும், வெட்டுக்காட்டுக்குச் செல்லவும், பட்டணத்திலிருந்து அரிசி மூட்டை ஏற்றி வரவும் வந்தது. தந்தை வேலை முடிந்து லயத்து வாசலில் அதனைச் சாய்த்து வைத்த பின்னரே பிள்ளைகளுக்கு முறை வரும். இருக்கையின் உயரம் பிள்ளையின் மார்பளவு. ஆதலால், குறுக்குத் தண்டின் அடியே வலக்காலை நுழைத்து, உடலை ஒரு புறம் வளைத்து, அரை வட்டமாக மிதிப்பர். தமிழ்நாட்டில் இதனைக் ‘குரங்குப் பெடல்’ என்பர். அடுத்து, தண்டின் மேல் காலிட்டு நின்றவாறு மிதிப்பர். இருக்கையில் அமர்வது இறுதிப் படி. அண்ணன் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவருவான். சொல்லாமலே கையை விட்டுவிடுவான். தம்பி அதனை அறியும்போது பத்துப் பால்மரங்களைக் கடந்திருப்பான்.

அப்பிள்ளைகளுக்கு வாய்த்த களத்தை எண்ணிப் பாருங்கள். நிரை நிரையாக மரங்கள், அவற்றின் நிழல், உதிர்ந்த சருகு பரந்த செம்மண், ஏற்றமும் இறக்கமுமான குன்றுகள், கால்வாயின் மேல் ஒற்றைப் பலகைப் பாலம். பால் ஏற்றும் லாரி தவிர வேறு வண்டி அரிது. முதலில் சமதரை, பின்னர்ச் சிறு சரிவு, அதன்பின் மேடு, முடிவில் பலகைப் பாலம் எனத் துணிவு படிப்படியாக வளர்ந்தது. எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என ஆசிரியர்ப் பயிற்சிக் கல்லூரிகளில் கற்பிக்கப்படும் நெறியைச் செம்மண் பாதை தானே வகுத்திருந்தது.

அதே பாதைகள் கொடுமையும் கண்டன. 1941 டிசம்பர் 8ஆம் நாள் மலாயாவின் மீது படையெடுத்த ஜப்பானியப் படையினர் ஆயிரக்கணக்கான மிதிவண்டிகளுடன் தெற்கு நோக்கி விரைந்தனர். 1942 ஜனவரி நடுவில் மூவார் ஆற்றைக் கடந்தனர். நெடுஞ்சாலையில் தடை நேர்ந்தபோது தோட்டப் பாதைகள் அவர்களுக்குப் பயன்பட்டன. அப்பாதைகள் வழியே சயாம் இரயில் பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழர் பலர் மீளவேயில்லை.

பிற நாட்டார் கண்ட வழி

1970ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மோட்டார் சைக்கிள் பந்தயங்களைக் கண்ட சிறுவர்கள் 20 அங்குலச் சக்கரச் சிறு வண்டிகளில் மண்மேடுகளின் மீது தாவத் தொடங்கினர். பெரியோர் அவர்களை விரட்டவில்லை. பாதை அமைத்தனர், விதி வகுத்தனர், தலைக்கவசம் அணிவித்தனர். சிறுவரின் அவ்விளையாட்டே ‘பி.எம்.எக்ஸ்.’ என்னும் பெயருடன் 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. மேடேறும்போது இருக்கையை விட்டு எழுந்து, முழங்காலையும் முழங்கையையும் தளர்த்தி, பார்வையைச் சக்கரத்தின் மேலன்றி முன்னே செலுத்த வேண்டும் என அங்கே பிஞ்சு வயதினருக்கும் கற்பிக்கின்றனர்.

தமிழகத்துப் புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் சீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால் அறிவொளி இயக்கம் எழுத்துடன் மிதிவண்டியையும் சிற்றூர்ப் பெண்களுக்குக் கற்பித்தது. ஏளனத்தைப் பொருட்படுத்தாது பல்லாயிரவர் கற்றனர். வண்டியோட்டும் துணிவு ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

களம் இழந்த துணிவு

நம் நிலை என்ன? 1950களிலும் 60களிலும் நிகழ்ந்த தோட்டத் துண்டாடல் பல குடும்பங்களை வெளியேற்றியது. அதனைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர், பால்மரம் நின்ற நிலங்களிற் பெரும்பகுதி செம்பனையாயிற்று. சில வீடமைப்புப் பகுதிகளாயின. மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர். பிள்ளைக்குத் தன் உயரத்திற்கேற்ற புதிய வண்டி கிடைத்தது. ஓட்டுவதற்குரிய பாதை மறைந்தது.

பாதை மறைந்ததால் துணிவு மறையுமா? மறையாது; தகாத இடம் தேடிச் செல்லும். 2017 பிப்ரவரி 18ஆம் நாள், விடியலுக்கு முன் 3 மணியளவில், நம் மாநிலத் தலைநகரான ஜொகூர் பாருவின் உள்வட்டச் சாலையில், ‘பாசிக்கால் லாஜாக்’ எனப்படும் மாற்றியமைத்த மிதிவண்டிகளில் கூட்டமாகச் சென்றோர் மீது கார் மோதியதில் பதின்ம வயதினர் எண்மர் உயிரிழந்தனர். வழக்கு பல ஆண்டுகள் நீடித்து, 2023ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் கார் ஓட்டுநரை விடுவித்தது. குற்றம் எவருடையது என்பது நீதிமன்றம் ஆராய்ந்த செய்தி. நாம் ஆராய வேண்டியது வேறு. சரிவில் பாயும் வேட்கை அப்பிள்ளைகளுக்கும், தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், கலிபோர்னியச் சிறுவர்களுக்கும் ஒன்றே. ஒருவருக்குச் செம்மண் வாய்த்தது. ஒருவருக்குப் பந்தயக் களம் வாய்த்தது. இவர்களுக்கோ இருண்ட நெடுஞ்சாலைதான் வாய்த்தது.

வள்ளுவப் பெருந்தகை ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். தெரிந்து செயல்வகைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டும் சேர்ந்ததே துணிவு. தடையே கூறி வளர்த்தால் பிள்ளை கோழையாகும்; கட்டற்று விட்டால் உயிருக்கே கேடாகும். இடைவழி யாது? விழுந்தால் முழங்கால் சிராயுமேயன்றி உயிர் போகாத இடத்தை நாமே அமைத்துத் தருவதுதான்.

இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. பள்ளித் திடலின் ஒரு மூலை, இரண்டு லாரி மண், முழங்கால் உயரத்தில் சில மேடுகள், தரையோடு பதித்த ஒரு பலகை, தலைக்கவசங்கள், பிரேக்கைச் சோதித்துப் பார்க்கும் ஓர் ஆசிரியர் ஆகியவை போதும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு கூட்டுப்பணி நாளில் இதனை முடித்துவிடலாம். ஆணும் பெண்ணும் முறைவைத்து ஓட்டட்டும். முதல் வகுப்புப் பிள்ளை மிதியில்லா வண்டியிலேயே தொடங்கட்டும்.

நம் பாட்டன்மார் வெட்டிய பாதைகள் பிறர்க்குச் செல்வம் ஈட்டித் தந்தன. நம் பிள்ளைகளுக்கு அவை தாமாகவே துணிவைக் கற்பித்தன. இன்று அப்பாதைகள் இல்லை. அவை செய்த பணியை இனி நாம்தாம் செய்ய வேண்டும். செய்வோமாக!